கொழும்பில் உங்கள் முதல் ஹொட் ரொட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மொரிஸ், ஒஸ்டின், ஃபோர்ட் கார்களை ஹொட் ரொட்டாக மாற்ற வெளிக்கிடுகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். பாதியில் நின்று கராஜ் மூலையில் தூசி பிடிக்கும் வண்டிகளில் அநேகமானவற்றுக்கு எஞ்சின் பலம் ஒரு குறையே இல்லை. வேலையைப் பிழையான வரிசையில் செய்ததுதான் குறை. ஆகவே முதல் தரம் வாசிப்பவர்கள் மேலிருந்து வாசிப்பது நல்லது.

1. ஹொட் ரொட் எண்டா என்ன? என்ர மைனருக்கு அகலச் சில்லும் சத்தமான சைலன்ஸரும் போட்டா அது ஹொட் ரொட்டா?

இல்லை, அது அகலச் சில்லுப் போட்ட மைனர். பழைய காரின் பொடியை வைத்துக்கொண்டு எஞ்சின், கியர் பொக்ஸ், பிரேக், பின் அச்சு எல்லாவற்றையும் பலமானதாக மாற்றி, தேவையில்லாத பாரத்தைக் கழற்றி, வேகத்துக்காகத் திரும்பக் கட்டியதுதான் ஹொட் ரொட். 1930களில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்ட்களை விரட்டி ஓடியதில் தொடங்கிய பழக்கம் இது. 1932இல் ஃபோர்ட் 221 கன அங்குல, 65 குதிரைவலு வி8 எஞ்சினைச் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய காரில் போட்டது. அந்த ஆண்டுப் பொடிக்கு இன்றைக்கும் தனி மரியாதை உண்டு.

கொழும்பில் 1932 ஃபோர்ட் வெட்டுவதற்குக் கிடைக்காது, கிடைத்தாலும் வெட்டாதீர்கள். இங்கே கைக்கு எட்டுவது மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, ஃபோர்ட் ப்ரிஃபெக்ட், ஃபோர்ட் பொப்பியுலர் போன்றவைதான். இங்கிலாந்தில் ஹொட் ரொட் கட்டுகிறவர்களும் இதே கார்களைத்தான் எடுத்தார்கள், அதனால் குறைவாக நினைக்க வேண்டாம்.

2. வாப்பாட பழைய ஒஸ்டின் ஒண்டு இருக்கு, கூட்டாளியிட்ட மைனர் ஒண்டு இருக்கு. எதை எடுக்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது தனிச் செசி, அதாவது பொடியைத் தாங்கும் தனி அடிச்சட்டம், உள்ளதா என்பதை. ஒஸ்டின் ஏ40 டெவன், சொமர்செட், ஃபோர்ட் பொப்பியுலர் 103ஈ ஆகியவற்றுக்குத் தனிச் செசி உண்டு. பொடியைக் கழற்றி வைத்துவிட்டுச் செசியில் எஞ்சின் மவுண்ட், அச்சு, பிரேக் லைன் எல்லாவற்றையும் நின்றபடி செய்யலாம். மைனருக்குச் செசி கிடையாது, பொடியே செசி. அதில் எங்கே வெட்டினாலும் காரின் முதுகெலும்பைத் தொடுகிறீர்கள். ஆனால் மைனருக்கு ரேக் ஸ்டியரிங்கும், டோர்ஷன் பார் முன் சஸ்பென்ஷனும் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. உதிரிப்பாகமும் இங்கே மற்றவற்றைவிடச் சுலபம். எங்கள் கணக்கில் முதல் வண்டிக்கு மைனர்தான், துரு குறைவாக இருந்தால்.

துருவைக் கண்ணால் பார்க்காதீர்கள், ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மைனரில் முக்கிய இடங்கள்: டோர்ஷன் பாரின் பின் முனை பொருந்தும் குறுக்குச் சட்டம், முன் செசிக் கால்கள் (பொடியோடு ஒன்றாக முன்னால் நீளும் சட்டங்கள்), பின் வில் தொங்கும் முன் தாங்கி, கதவுக்குக் கீழுள்ள சில். வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைக் கடலோரத்தில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்ற கார் என்றால் மேலே பளபளத்தாலும் இந்த இடங்களில் டிரைவர் உள்ளே போகும். குறுக்குச் சட்டம் போயிருந்தால் வேறு கார் தேடுங்கள். கடைசியாக ஒன்று: முழுமையாக, எல்லாப் பாகங்களோடும் மூல நிலையில் இருக்கும் காரை வெட்ட வேண்டாம். அதை அப்படியே விற்றுவிட்டு, ஏற்கெனவே யாரோ சிதைத்த காரை வாங்கினால் கையில் காசும் மிஞ்சும்.

3. புக்கில எஞ்சின் நம்பர் வேற, போடப் போற எஞ்சின் வேற. பிரச்சினை வருமா?

சொல்லாமல் போட்டால் வரும். பதிவுச் சான்றிதழில் உள்ள விபரத்துக்கும் வண்டிக்கும் பொருந்தாத மாற்றம் எதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். எஞ்சின் மாற்றம் அதில் முதலாவது. எஞ்சின் வாங்கும்போதே இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டையும், விற்பவரிடம் இருந்தால் இறக்குமதிச் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் அதே கடையைத் தேடிப் போய்க் கேட்டால் கிடைக்காது.

வேலை தொடங்க முன்னரே நாரஹேன்பிட்டியிலுள்ள அந்தத் திணைக்களத்துக்குப் போய், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி, எவற்றுக்கு முன் அனுமதி, எவற்றுக்குப் பரிசோதனை என்று கேட்டுவிடுங்கள். ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டை) வெட்டும் டிங்கரிங் பாஸ் சில சமயம் இலக்கத் தகட்டையும் சேர்த்து எறிந்துவிடுவார். அதை முதல் நாளே கழற்றி வீட்டில் வையுங்கள். செசி இலக்கம் அடித்த இரும்பை ஒருபோதும் அரைக்கவோ வெல்ட் செய்யவோ கூடாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். மாற்றத்தை மறைத்த வண்டிக்கு விபத்து நாளில் காசு வருமென்று நம்ப வேண்டாம்.

4. மொத்தமா எவ்வளவு முடியும்?

தொகை சொன்னால் அடுத்த மாதமே பிழைத்துவிடும். எங்கே போகும் என்று சொல்லலாம். எல்லோரும் எஞ்சினுக்குக் கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் அதிகம் தின்பது டிங்கரிங்கும் பெயிண்டும். அதற்கடுத்தது கணக்கில் எழுதாத சில்லறை: ரப்பர் புஷ், ஹோஸ், கிளிப், போல்ட், பிரேக் பைப், வயர், ரிலே, கிரைண்டர் டிஸ்க், வெல்டிங் காஸ், கண்ணாடி ரப்பர், ஏற்றி இறக்கும் லொறிக் கூலி. எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் சேர்த்து ஒதுக்கிய அளவு இந்தச் சில்லறைக்கும் ஒதுக்கினால் வண்டி நிற்காது. பெயிண்டுக்கான காசைத் தனியாக எடுத்து வையுங்கள், எஞ்சின் காசு தீர்ந்த அன்று அதில் கை வைக்காமல்.

5. எந்த எஞ்சின் போடுறது? வி8 இல்லாட்டி ஹொட் ரொட் எண்டு சொல்லேலாதுதானே?

சொல்லலாம். மைனர் முழுக் காருமே சுமார் 770 கிலோ. வார்ப்பிரும்பு ஷெவி வி8 மட்டும் ஏறக்குறைய 260 கிலோ. அதைத் தாங்க முன் சஸ்பென்ஷன், பிரேக், பின் அச்சு எல்லாம் மாற வேண்டும். முதல் வண்டிக்கு அது வேலையல்ல. மைனரின் 1098 சீசீ எஞ்சினே 48 குதிரைவலுதான். டொயோட்டா 5கே (1486 சீசீ) அல்லது நிசான் ஏ14 (1397 சீசீ) போட்டாலே 70 குதிரைவலுப் பக்கம் வரும். இந்தப் பாரத்துக்கு அது நன்றாகவே ஓடும். இரண்டும் புஷ்ரொட் எஞ்சின்கள், நீளவாக்கில் உட்காருபவை, இங்கே எந்த பாஸுக்கும் கைபழகியவை. முன் சில்லுகள் இழுக்கும் காரின் ட்வின் கேம் எஞ்சினைக் குறுக்குவாட்டிலிருந்து நெடுக்காகத் திருப்பிப் போடுவது வேறு கதை: பொருந்தும் பெல் ஹவுஸிங் (கிளட்சை மூடி எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கும் கூடு), பின் சில்லுகளை ஓட்டும் கியர் பொக்ஸ், தண்ணீர் வெளியேறும் குழாய், டிஸ்ட்ரிபியூட்டர் ஃபயர்வாலில் இடிப்பது என்று ஒவ்வொன்றாக வரும். இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சிகாவத்தையிலோ டெல்கந்தவிலோ வாங்கும்போது எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். கியர் பொக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல், ஸ்டாட்டர், கியர் பொக்ஸ் தாங்கும் குறுக்குச் சட்டம், புரொப் ஷாஃப்டின் (கியர் பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டின்) முன் யோக், ஒவ்வொரு பிளக்கோடும் ஒரு சாண் வயர், எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். பிறகு தனித்தனியாகத் தேடினால் இரட்டிப்புச் செலவு. கம்பிரஷன் அளந்து, சிலிண்டருக்குச் சிலிண்டர் 15 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். வானில் இருந்து வந்த 5கே என்றால் சம்ப்பை (அடியிலுள்ள ஒயில் தொட்டியை) பாருங்கள். காரில் உட்காராவிட்டால் கொரோல்லா 4கேயின் சம்ப்பையும் ஒயில் பிக்கப்பையும் சோடியாக மாற்ற வேண்டும். சம்ப்பை மட்டும் மாற்றிப் பிக்கப்பை விட்டால் ஒயில் உறிஞ்சாமல் பெயரிங் போகும்.

6. எங்க இருந்து தொடங்கிறது? முதல்ல டிங்கரிங் முடிச்சுப் பெயிண்ட் அடிச்சா ஒரு உற்சாகம் வரும்தானே?

வரும், பிறகு அந்தப் பெயிண்டின் மேலேயே வெல்டிங் பொறி விழும். சரியான வரிசை இது: துரு வெட்டி அடிப்பாகத்தைப் பலப்படுத்துதல், எஞ்சினும் கியர் பொக்ஸும் பொருத்திப் பார்த்தல், பின் அச்சு, ஸ்டியரிங், பிரேக், ரேடியேற்றர், எக்ஸோஸ்ட், பெற்றோல் லைன், தற்காலிக வயரிங். அப்படியே, பொடி வெறும் இரும்பும் ப்ரைமருமாக இருக்கும் நிலையில், வண்டியை ஓட்டிப் பாருங்கள். எது இடிக்கிறது, எது சூடாகிறது, எது ஒழுகுகிறது என்று அப்போது தெரியும். எல்லாம் திருத்திய பிறகு திரும்பவும் முழுதாகக் கழற்றிப் பெயிண்ட் அடியுங்கள். இரண்டு தரம் கட்டுவது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் புதுப் பெயிண்டில் ஓட்டை போட நேரும்போது அழுகை வரும்.

பொடியே செசியாக உள்ள காரில் எதையும் வெட்ட முன் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே 25 மில்லிமீற்றர் சதுரக் குழாயால் முட்டுக் கொடுத்து வெல்ட் செய்யுங்கள். முட்டில்லாமல் தரையை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, கதவு பிறகு பூட்டாது. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கதவைப் பூட்டிப் பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

7. எஞ்சின் எங்க உட்கார வேணும்? ஸ்டியரிங்ல இடிக்குது.

மைனரின் ஸ்டியரிங் ரேக் எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வால் ஓரமாகக் குறுக்கே ஓடுகிறது. ஜப்பான் எஞ்சினின் பெல் ஹவுஸிங் அங்கேதான் போய் முட்டும். ரேக்கை நகர்த்தும் எண்ணம் வந்தால் அதை விட்டுவிடுங்கள்: உயரம் சில மில்லிமீற்றர் மாறினாலே ஒவ்வொரு பள்ளத்திலும் சில்லு தானாகத் திரும்பும். எஞ்சினை முன்னால் தள்ளுங்கள் அல்லது தாழ்த்துங்கள். முன்னால் தள்ளினால் ரேடியேற்றருக்கு இடம் குறையும், தாழ்த்தினால் சம்ப் தரையைத் தேடும். இரண்டுக்கும் நடுவில்தான் இடம் இருக்கிறது.

வலக்கை ஓட்டம் என்பதால் ஸ்டியரிங் தண்டு வலப்பக்கம். எஞ்சினின் எக்ஸோஸ்டும் அதே பக்கம் வந்தால் தலையிடி. வாங்க முன் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டுக்கும் எக்ஸோஸ்டுக்கும் இடையில் குறைந்தது 25 மில்லிமீற்றர் விட்டு, நடுவில் வெப்பத் தகடு போடுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும் என்பதை மறந்து ஒரு விரல் இடைவெளியில் விடுகிறார்கள். முதல் ஏற்றத்திலேயே இடிக்கும்.

8. பின் அச்சு மாத்தத்தான் வேணுமா? மைனர்ட அச்சு நல்லாத்தானே இருக்கு.

மைனரின் எஞ்சினுக்கு நல்லது. 70 குதிரைவலுவில் கிளட்சை உதறி விட்டால் ஹாஃப் ஷாஃப்ட் (அச்சுக்குள் சில்லைச் சுற்றும் தண்டு) முறியும். அதைவிடப் பெரிய காரணம் விகிதம், அதாவது சில்லு ஒரு தரம் சுற்ற புரொப் ஷாஃப்ட் எத்தனை தரம் சுற்றுகிறது என்பது. 948 சீசீ மைனரின் அச்சு 4.55. 155/80 ஆர்14 ரயரில், நேர் கியரில், மணிக்கு 80 கிலோமீற்றரில் எஞ்சின் சுமார் 3200 சுற்றுச் சுற்றும். 3.9 விகித அச்சில் அதே வேகத்துக்கு 2740 போதும். ஐந்தாவது கியரும் இருந்தால் தெற்கு அதிவேகப் பாதையில் காது தப்பும்.

பழைய இலை வில் கொரோல்லாவின் அச்சு அகலத்தில் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் வாங்க முன் டிரம் முகத்திலிருந்து மறு டிரம் முகம் வரை நீங்களே அளவுநாடா வைத்து அளக்க வேண்டும். வில் தாங்கும் இருக்கைகளை எஞ்சினும் கியர் பொக்ஸும் இறுதியாக உட்கார்ந்த பிறகே வெல்ட் செய்யுங்கள். ஏனென்று அடுத்த பதிலில்.

9. எல்லாம் புதுசு, ஆனா 60க்கு மேல போனா தரை உதறுது. சில்லு பலன்ஸ் பண்ணியாச்சு.

பெரும்பாலும் கோணம். கியர் பொக்ஸின் பின் தண்டும் அச்சின் பினியனும் (புரொப் ஷாஃப்ட் பூட்டும் முன் பல்லுத் தண்டும்) ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இடையில் உள்ள புரொப் ஷாஃப்ட் இரண்டு முனையிலும் ஒரே அளவாக, 1 முதல் 3 பாகை வரை, வளைந்து நிற்க வேண்டும். இலை வில் அச்சு முறுக்கில் மூக்கைத் தூக்கும் என்பதால் பினியனை 1 அல்லது 2 பாகை கீழே பார்க்க வையுங்கள். அளப்பது சில்லில் நிற்கும் காரில், ஆட்களின் பாரமும் ஏற்றி. ஜக்கில் தொங்கும் காரில் எடுத்த அளவு குப்பை.

கோணம் சரியென்றால் ஷாஃப்டைப் பாருங்கள். நீளம் வெட்டிய லேத்காரர் இரு முனை யோக்கையும் ஒரே தளத்தில் வைக்காமல் சற்றுத் திருப்பி வெல்ட் செய்திருந்தால் எந்தப் பலன்ஸும் அதைத் தீர்க்காது. ஸ்லிப் யோக் கியர் பொக்ஸுக்குள் முழுவதும் போன நிலையிலிருந்து 20 முதல் 25 மில்லிமீற்றர் வெளியே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும்போது கியர் பொக்ஸின் பின் பகுதியை உடைக்கும்.

10. முன்னுக்கு டிஸ்க் போட்டன். பெடலை ரெண்டு தரம் மிதிச்சாத்தான் பிடிக்குது. காத்து எடுத்து எடுத்துக் களைச்சுப் போனன்.

காற்று அல்லாமலும் இருக்கலாம். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடித் தரைக்குக் கீழே, டிஸ்க்கைப் பிடிக்கும் கலிப்பரைவிடத் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. காலை எடுத்தவுடன் ஒயில் திரும்பி மாஸ்டருக்கு வடியும், பேட் விலகிவிடும். டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ, டிரம் லைனில் 10 பிஎஸ்ஐ தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வைப் போட்டால் தீரும். இதன் மறுபக்கமும் உண்டு. டிரம்முக்காக வந்த பழைய மாஸ்டருக்குள் அந்த வால்வு ஏற்கெனவே இருக்கும். அதோடு டிஸ்க்கைப் பூட்டினால் பேட் விடாமல் உரசி, சில்லுத் தொப்பி கை வைக்க முடியாத அளவு கொதிக்கும்.

மாஸ்டரை இரட்டைச் சுற்று (இரண்டு தனி ஒயில் பாதை) உள்ளதாக மாற்றுவதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். மூல மைனரில் ஒரே சுற்று. ஒரு பைப் வெடித்தால் நான்கு சில்லும் போச்சு. பூஸ்டர் இல்லாவிட்டால் பெடல் விகிதம் 6க்கு 1 பக்கம் இருக்கட்டும், மாஸ்டர் துளை 19 மில்லிமீற்றர். பெரிய துளை பலமானது என்று 22 போடுகிறார்கள். பெடல் கல்லுப்போல இருக்கும், கார் நிற்காது.

இன்னொரு ஆபத்து மரையில். பழைய ஆங்கிலக் கார்களின் பிரேக் நட்டுகள் பெரும்பாலும் 3/8 அங்குல யூஎன்எஃப் (அங்குல அளவு மரை), ஜப்பான் பாகங்கள் எம்10க்கு 1.0 (10 மில்லிமீற்றர் விட்டம், 1 மில்லிமீற்றர் மரை இடைவெளி). முன்னதன் விட்டம் 9.5 மில்லிமீற்றர், மரையும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் யூஎன்எஃப் நட்டு எம்10 துளைக்குள் சிணுங்காமல் போகும், இறுகுவது போலவும் காட்டும், ஒரு நாள் உறுதியாக மிதிக்கும்போது உருவிக்கொண்டு வரும். ஒவ்வொரு நட்டையும் கையில் எடுத்து எம்10 அளவுத் துளையில் ஆட்டிப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினால் அது யூஎன்எஃப். பைப்பை அந்தந்த முனைக்குரிய நட்டோடு புதிதாக ஃப்ளேர் செய்ய வேண்டும்.

11. ஜப்பான் சில்லு 4க்கு 100. மைனர் ஹப் கிட்டத்தட்ட அதுதானே, ஏறுது. ஓடேலுமா?

ஓட வேண்டாம். 4க்கு 100 என்றால் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் நான்கு போல்ட். மைனரின் போல்ட் வட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். 1.6 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் நட்டு சாய்ந்து உட்காரும், பிறகு தளரும் அல்லது ஸ்டட் முறியும். 8ஆம் கேள்வியில் சொன்ன கொரோல்லா அச்சைப் போட்டால் பின்னால் 114.3 ஆகிவிடும். அப்போது முன் ஹப்பையும் அதற்கே மாற்றுவது புத்தி. இல்லாவிட்டால் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று இரண்டு மாற்றுச் சில்லுக் கொண்டு திரிய வேண்டும்.

12. காலி வீதியில ட்ரஃபிக்ல நிண்டா ஹீட் ஏறுது, ஓடினா இறங்குது. தேர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியச் சொல்றாங்க.

எறிய வேண்டாம். நின்றால் ஏறி ஓடினால் இறங்குகிறது என்றால் குறை தண்ணீரில் இல்லை, காற்றில். தேர்மோஸ்டாட்டைக் கழற்றினால் ஒரு பகுதிச் சுடுதண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே சுற்றும். ஓடும்போது எஞ்சின் சூடு பிடிக்காமல் ஒயில் கெடும், நிற்கும்போது முன்போலவே கொதிக்கும். 82 பாகையினதைப் போட்டுவிடுங்கள். சந்தேகமென்றால் தண்ணீர்ச் சட்டியில் வெப்பமானியோடு போட்டு, திறக்கிறதா என்று பாருங்கள்.

பார்க்க வேண்டியது இவை: விசிறி ரேடியேற்றருக்குப் பின்னால் நின்று இழுக்க வேண்டும், 12 அங்குலமாவது வேண்டும், ரேடியேற்றரின் முழு முகத்தையும் மூடும் ஷ்ரவுட் (விசிறியைச் சுற்றிய கூடு) வேண்டும். ரேடியேற்றரைச் சுற்றியுள்ள இடைவெளிகளைத் தகடாலும் ரப்பராலும் அடையுங்கள். அடைக்காவிட்டால் எஞ்சின் அறையின் சூடான காற்றையே விசிறி திரும்பச் சுற்றிக் கொடுக்கும். பிறகு எஞ்சின் ஓட, ஒரு டிஷ்யூத் தாளைக் கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்து உங்கள் முகத்துக்கு வந்தால் விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது. அடுத்த பதிலைப் பாருங்கள். விசிறிச் சுவிட்ச் 92இல் போட்டு 87இல் நிறுத்தினால் கொழும்புக்குப் போதும்.

மைனரின் பழைய ரேடியேற்றரில் ஜப்பான் எஞ்சினின் 0.9 பார் மூடியைப் போடாதீர்கள். அது குறைந்த அழுத்தத்துக்குக் கட்டியது, ஈயப் பற்று விடும். எஞ்சின் தலையைவிட ரேடியேற்றர் தாழ்ந்து நின்றால் உயரத்தில் தனித் தண்ணீர்த் தொட்டி வைத்தால்தான் காற்று வெளியேறும்.

13. வயரிங்கை அப்படியே விடேலாதா? லைட் எல்லாம் எரியுதே.

மைனர் பொசிட்டிவ் எர்த் கார் (பற்றரியின் பொசிட்டிவ் முனை பொடியோடு பூட்டியது), டைனமோவோடு. ஜப்பான் எஞ்சினும் ஓல்டர்நேட்டரும் நெகட்டிவ் எர்த். பற்றரியைத் திருப்பினால் மட்டும் போதாது. அம்மீற்றர் முனை, பழைய கொயிலை வைத்தால் அதன் முனை, உள்ளே டயோட் உள்ள மின் பெற்றோல் பம்ப், மோட்டார்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 12இல் சொன்ன தலைகீழ் விசிறிக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய துணி சுற்றிய வயரை முழுதாக உரித்து எறிந்து, ஃபியூஸ் பெட்டியும் ரிலேயும் வைத்துப் புதிதாக இழுப்பதே எங்கள் ஆலோசனை. ஹெட் லைட், விசிறி, ஹோர்ன் மூன்றும் ரிலே வழியாகப் போகட்டும். விசிறிக்குத் தனி 30 அம்பியர் ஃபியூஸ்.

பற்றரியை டிக்கிக்கு மாற்றினால் 35 சதுர மில்லிமீற்றர் கேபிளும் பற்றரிப் பக்கத்திலேயே பெரிய ஃபியூஸும் தேவை. எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையே தடித்த எர்த் பட்டி போடுங்கள். எஞ்சின் ரப்பரில் நிற்கிறது. பட்டி இல்லாவிட்டால் ஸ்டாட்டர் மின்சாரம் அக்சிலரேட்டர் கேபிள் வழியாக வீடு திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகி இறுகினால் அதுதான் காரணம். ஸ்டாட்டர் சுற்றும்போது எஞ்சின் இரும்புக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் இடையில் மீற்றர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

14. எவ்வளவு பதிக்கலாம்? கூரையையும் வெட்டினா வடிவா இருக்கும்.

பதிப்பதற்கு, அதாவது காரைத் தாழ்த்துவதற்கு, எல்லை சில்லு விளிம்பு. ரயர் காற்றுப் போனால் கார் விளிம்பில் வந்து உட்காரும். அப்போது ஸ்டியரிங், பிரேக் பைப், சம்ப் எதுவும் தரையைத் தொடக்கூடாது. ஒரு பக்க விளிம்பின் அடியிலிருந்து மறுபக்க ரயர் தரை தொடும் இடத்துக்கு நூல் கட்டிப் பாருங்கள், இரு பக்கமும். நூலுக்குக் கீழே எதுவும் தொங்கக்கூடாது. அதற்குள் இருந்தாலும் மைனரில் முன்னும் பின்னும் 40 முதல் 50 மில்லிமீற்றருக்கு மேல் போனால் ஒழுங்கைகளின் வேகத்தடையும் வெள்ளவத்தை மழைவெள்ளமும் உங்களைத் திருத்தும். முன்னால் டோர்ஷன் பாரின் பல்லை மாற்றி இறக்குங்கள், சூடு காட்டி அல்ல.

கூரை வெட்டுவதை முதல் வண்டியில் செய்யாதீர்கள். கண்ணாடித் தூண்கள் சாய்ந்தவை; 50 மில்லிமீற்றர் எடுத்தால் மேல் கூரை கீழ்த் தூணுக்கு நேரே வராது, கூரையை நாலாக வெட்டி நீட்ட வேண்டும். கண்ணாடியும் உண்டு. 1956க்கு முந்திய மைனரின் இரண்டு துண்டுத் தட்டைக் கண்ணாடியை லாமினேட்டில் புதிதாக வெட்டலாம். வளைந்த கண்ணாடிக்கு அது நடவாது, டெம்பர் செய்த கண்ணாடி வெட்டினால் பொடிப்பொடியாகும்.

15. ப்ரைமர் அடிச்சு ஒரு வருஷம் விட்டன். இப்ப புள்ளி புள்ளியாத் துரு வருது.

சாதாரண சர்ஃபேஸர் ப்ரைமர் ஈரத்தை விடும். கொழும்பின் ஈரப்பதத்தில் அது பஞ்சு. இரும்பு வெளியே வந்த அன்றைக்கே, கைவியர்வை படாமல் துடைத்து, எபொக்ஸி ப்ரைமர் அடியுங்கள். பள்ளம் நிரப்பும் பட்டி அதற்கு மேல், 3 மில்லிமீற்றருக்கு உள்ளே. ஏற்கெனவே புள்ளி வந்த இடத்தைத் தேய்த்து மேலே அடிப்பதில் பயனில்லை, இரும்பு வரை இறக்குங்கள். கம்பிரஸர் தொட்டியில் சேரும் தண்ணீரைக் காலையும் மாலையும் திறந்துவிட வேண்டும். மழை நாளில் என்சி (நைட்ரோசெலுலோஸ்) பெயிண்ட் வெண்மை பூக்கும். 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரு கூற்றுப் பெயிண்ட்) அடித்தால் அதிலுள்ள ஐசோசயனேட்டுக்குச் சாதாரண துணி முகமூடி காணாது, வெளிக்காற்று வரும் முகமூடி தேவை.

16. புகைப் பரிசோதனையில பெயில். காபரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாச்சு.

காபரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள். முதலில் வால்வு இடைவெளி, பிளக், இக்னிஷன் டைமிங், மிதவை மட்டம். பிறகு இன்டேக் பக்கக் காற்றுக் கசிவு: எஞ்சின் மாற்றும்போது திறந்தபடி விட்ட வெக்கியூம் குழாய்கள் இங்கேதான் பழி வாங்கும். ஐட்லிங்கில் பிரேக் கிளீனர் சிறிது தெளித்துப் பாருங்கள், சுற்று மாறினால் அங்கே கசிவு. எக்ஸோஸ்ட் சூடாக முன்னரே செய்யுங்கள், தீயணைப்பானும் அருகில் இருக்கட்டும். எக்ஸோஸ்ட் மூட்டுக் கசிந்தாலும் அளவு பிழைக்கும். பரிசோதனைக்கு அரை மணி ஓட்டி, முழுச் சூட்டில் கொண்டு போங்கள்.

17. கடைசியா ஒண்டு: ஏசி போடேலுமா?

போடலாம், ஆனால் 12உம் 13உம் முழுதாகத் தீர்ந்த பிறகு. கொன்டென்ஸர் ரேடியேற்றருக்கு முன்னால் நிற்பதால் ரேடியேற்றருக்குச் சூடான காற்றே போகும். ஏசி போட்டவுடன் ஓடத் தொடங்கும் இரண்டாவது விசிறி, ஐட்லிங்கைத் தூக்கும் வால்வு, 60 அம்பியராவது தரும் ஓல்டர்நேட்டர் மூன்றும் தேவை. கம்பிரஸர் பிராக்கெட்டை எஞ்சினோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். லேத்தில் செய்தால் பெல்ட் நேர் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் கத்தும். காரின் தரையிலும் ஃபயர்வாலிலும் வெப்பத் தடுப்பு ஒட்டாமல் ஏசி போடுவது வீண்.